கொஞ்சம் ஒதுங்குங்க கண்ணு

பிப்ரவரி 12, புதன்

வாண்டு அம்மாவுக்கு,

நீ உன் அக்கா வீட்டுலதான் இருப்பேன்னு நெனச்சு இந்த விலாசத்துக்கு எழுதுறேன். வாண்டு நல்லா இருக்கா. நானும் சைக்கிள் கடையும் ஏதோ ஓடுறோம். கோணல் எழுத்தைப் பாத்துச் சிரிக்காத, பஞ்சர் ஒட்டுற கை.

நேத்து பள்ளிக்கூடத்துல பசங்களை ஒரு பெரிய கிடங்கு பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. துணைக்கு ரெண்டு பெத்தவங்க வேணும்னாங்க, நானும் போனேன். பாதி வழியில பஸ்சுக்குப் பின் டயர் எறங்கிடுச்சு. நான்தான் ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தேன். மூணு அங்குல ஆணி. டிரைவர் அதைக் கையில வச்சு உருட்டிக்கிட்டே வந்தாரு. சரி, அந்தக் கதை இப்ப எதுக்கு.

கிடங்குக்குள்ள மனுச நடமாட்டமே இல்ல. லைட்டே எங்களுக்காகத்தான் போட்டாங்களாம். கட்டில்ல பாதி அளவுக்கு, ஆளில்லாம தானா ஓடுற வண்டிங்க, தரையோட தரையா வந்து அலமாரிக்கு அடியில பூந்து, அலமாரியையே தலையில தூக்கிட்டு ஓடுது. சுத்திக் காட்டுன தம்பி, மஞ்சக் கோட்டைத் தாண்டாதீங்கன்னு நூறு தடவ சொன்னான். வாண்டு தாண்டிட்டா. உன் பொண்ணுதானே.

வண்டி அவ முன்னாடி டக்குன்னு நின்னுச்சு. நின்னு பேசுச்சு. "கொஞ்சம் ஒதுங்குங்க கண்ணு, நான் வரேன்."

அது உன் குரல். அந்தக் 'கண்ணு'வை இழுக்குற இழுப்பு வேற யாருக்கு வரும்?

வாண்டு முட்டி போட்டு உக்காந்து வண்டியைத் தடவினா. "அம்மா, தொண்டை சரியாயிடுச்சா?"ன்னா.

டீச்சரம்மா சிரிச்சாங்க. பசங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கல. பின்னாடி நாப்பது வண்டி வரிசை கட்டி நின்னுச்சு. அந்தத் தம்பி, "எந்திரி பாப்பா"ங்குறான். இவ, "நான் ஒதுங்கிட்டா அம்மா பேச மாட்டாங்க"ங்குறா. வண்டியும் விடாம அதையே சொல்லுது. கடைசியில நான்தான் தூக்கிட்டு வந்தேன். வீடு வர்ற வரைக்கும் என் சட்டைக் காலரைக் கடிச்சுக்கிட்டே வந்தா.

தொண்டை விசயம் என்னன்னா, உன் குரலைக் கேட்டாலே எரிச்சலா இருக்குன்னு நான் சொல்லி, நீ கெளம்பிப் போனியே, அப்புறம் போன் நம்பரையும் மாத்திட்டேன். அம்மா ஏன் பேசலன்னு இவ உசுரை எடுத்தா. தொண்டையில ஆப்பரேஷன், குரலே போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். அப்போதைக்கு வாயில வந்தது அதான்.

நீ அந்தக் கிடங்குலயா இருக்க? காலையில இருந்து கேக்குறா.

இப்படிக்கு,
வாண்டு அப்பா

பிப்ரவரி 19, புதன்

வாண்டு அப்பாவுக்கு,

லெட்டரை நாலு தடவ படிச்சேன். ரெண்டாவது தடவையில இருந்து ஆணிக் கதையிலயே நின்னுட்டேன். அதுக்கு மேல கண்ணு போக மாட்டேங்குது.

நான் இப்ப அங்க இல்ல. முன்ன அங்க பொட்டி ஒட்டிக்கிட்டிருந்தேன். வண்டிங்க வர்றப்ப, எங்கள்ல என் குரல் கனிவா இருக்குன்னு என்னைப் பேச வச்சுப் பதிஞ்சுக்கிட்டாங்க. வீட்டுல கொழந்தை இருந்தா அதுகிட்ட சொல்றதா நெனச்சுக்கங்கன்னாங்க. 'கண்ணு'ங்குறது அவங்க படிக்கக் கொடுத்த தாள்ல இல்ல, அதுவா வந்துடுச்சு. வண்டிங்க வந்து ரெண்டே மாசம், பொட்டி ஒட்டுன பதினாறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் குரல் மட்டும் வேலைக்குப் போயிட்டிருக்கு.

அது கெடக்கட்டும். போன் கெடைக்கலன்னு நான் நேருலயே வந்து உங்க கடை வாசல்ல நின்னேனே, அன்னிக்கு என்ன சொன்னீங்க? "அவ உன் குரலையே கேக்கப் பிடிக்கலங்குறா, போயிடு." நான் நம்பித் திரும்பிட்டேன். பதினாலு மாசம். அங்க அவளுக்கு நான் ஊமை, இங்க எனக்கு அவ செவிடு. ஒரே வாயால ரெண்டு பேருக்கும் ஆப்பரேஷன் பண்ணிட்டீங்களே.

வாண்டு அம்மா

பிப்ரவரி 24, திங்கள்

வாண்டு அம்மாவுக்கு,

நீ எழுதுனது அத்தனையும் வாஸ்தவம். நீயும் போயி அவளும் போயிட்டா, அந்த வீட்டுல நான் மட்டும் என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன். எதுத்த கடை டீக்காரருக்கு இப்படித்தான் ஒரு தடவ... வேணாம், அது வேற கதை.

வாண்டு வீடு பூரா தவழ்ந்துக்கிட்டு, தலையில தலகாணிய வச்சுக்கிட்டு, "ஒதுங்குங்க கண்ணு"ங்குறா. உன்னை மாதிரியே இழுக்குறா. நான் ஒதுங்கி ஒதுங்கிச் செவுத்துல ஒட்டிட்டேன்.

ஒரே ஒரு உதவி. நீ வா. வந்து, ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அப்பன் பொய் சொன்னான்னு அவளுக்குத் தெரிய வேணாம்.

வாண்டு அப்பா

பிப்ரவரி 27, வியாழன்

வாண்டு அப்பாவுக்கு,

அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வரேன். அதுக்குள்ள அவகிட்ட நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க. உங்க வாயால கேட்டாத்தான் அவளுக்கு மனசு ஆறும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். எனக்கு இருக்குறது ஒரு குரல், அதுல பொய்யைப் பதிய மாட்டேன்.

உங்களைப் பாக்க வரல. அவளைக் கூட்டிட்டுப் போக வரேன். வாசல்ல நின்னுக்கிட்டு டீக்காரர் கதையை ஆரம்பிக்காதீங்க.

கொஞ்சம் ஒதுங்குங்க. நான் வரேன்.