பவளத்தின் இடது கண்

என் பிரியமானவரே,

உங்களைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த அன்றே உங்கள் தம்பி அந்தோணி நம் குதிரை பவளத்தைக் கட்டிவைத்து அடித்தான்.

நீங்கள் தண்ணீர் வாளியோடு லாயத்துக்குள் போனதும், பவளம் உதைத்ததும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்ததும் என் கண்ணெதிரே நடந்தவை. இத்தனை வருஷம் உங்கள் ஜட்காவை இழுத்தது, ஒருநாள்கூட உங்கள் மேல் காலைத் தூக்காதது. அன்று மட்டும் ஏன்?

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டிக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஓடிய நேரம். அந்தோணி பகலெல்லாம் அதை ஓட்டுவான். வீட்டுக்கு வந்ததும் அடிப்பான். நான் புல் போட்டால், “இன்னா அண்ணி, அண்ணனை சாவடிச்ச குதிரைக்குத் தீனி வச்சிக்கினு கீறீங்க?” என்று கத்துவான்.

ஒரு காலையில் வலப்பக்கமாகப் போனேன். பவளம் என் கையை முகர்ந்தது. இடப்பக்கம் சுற்றி வந்து தொட்டேன். அதன் உடம்பே தூக்கிப்போட்டது. சத்தமில்லாமல் முந்தானையை அந்தக் கண் முன்னால் ஆட்டினேன். இமை அசையவில்லை.

பார்த்தால் நல்ல கண் போலத்தான் இருந்தது. வண்டியில் பூட்டினால் கண்பட்டை வேறு மறைத்துவிடும். எப்போதும் பேசிக்கொண்டே அதனிடம் போகிற நீங்கள், அன்று தொண்டை கட்டிப் பேச்சில்லாமல் இடப்பக்கமாகப் போனீர்கள். அது உங்களை உதைக்கவில்லை. தெரியாத ஏதோ ஒன்று மேலே பட்டது, பயத்தில் உதைத்தது.

அந்தோணிக்கும் முந்தானையை ஆட்டிக் காட்டினேன். “இது குருடா அண்ணி? தெரியாம பூட்ச்சே!” என்று அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவன் குரல் கேட்டாலே பவளம் சுவரோடு ஒட்டி நடுங்கியது. காயங்கள் சீழ் பிடித்தன. கொள்ளு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டு டாக்டர் மருந்து தடவிவிட்டு, “பயம் தெளிஞ்சு தின்னாத்தான் பொழைக்கும்” என்றார். தின்னவில்லை. நேற்று விழுந்தது, எழவேயில்லை. வலப்பக்கம் உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை பேசிக்கொண்டே கழுத்தைத் தடவினேன். நான்தான் என்று தெரிந்திருக்குமா?

அந்தோணி இன்று தன் கையாலேயே அதற்குக் குழி வெட்டினான். நம் மகள் ரோசி அழ மறுக்கிறாள். “நைனாவ கொன்னுச்சே, அதுக்கு நான் இன்னாத்துக்கு அழணும்?” என்கிறாள். தெருவே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

உங்களை யாரும் கொல்லவில்லை என்று அவளுக்குச் சொல்வேன். நம்ப மாட்டாள். நம்பும்வரை சொல்வேன்; உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் மனைவி,
தெரேசா