வேளாங்கண்ணிக்கு ஜெனரல் ஷிஃப்ட்

1981 ஆகஸ்ட் 20

எழுதும்படி என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் — யாரிடம் என்றுதான் தெரியவில்லை. அப்பா வேலை செய்யும் நிலக்கரி மைன்ஸில் யாரோ அவருக்குக் கொடுத்த டைரி இது. "ஏளா, படிச்சவ நீதானே, வச்சுக்கோ" என்று ஜனவரியில் தந்தார். இன்றுவரை வெள்ளையாகவே கிடந்தது.

நாளை மறுநாள் அமலோற்பவத்தின் கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறேன். எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி அமலிதான். கடலூர் காலேஜுக்குப் போய்வந்த மூன்று வருடமும் பஸ்ஸில் பக்கத்து இடம். குள்ளஞ்சாவடியில் கூட்டம் ஏறினால் என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு அவள் நெரிபடுவாள்.

அங்கே கொடியேற்றம் முடிந்ததும் திருச்சியிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து அவளை அழைத்துப் போவார். கன்னியர் மடத்துக்கு. இனி அவள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்ப மாட்டாள். நான் மட்டும் பஸ்ஸில் வருவேன்.

எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். ஆகவில்லை.

ஆகஸ்ட் 21

மாதாவிடம் மாப்பிள்ளை கேட்கச் சொன்னாள் அம்மா. வேலை கேட்கச் சொன்னார் அப்பா. "ரெண்டையும் சேத்தே கேளு. அந்தம்மாவும் சாமிதானே, கோவிச்சுக்காது."

எனக்கென்று ஒன்று உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 22, சேத்தியாத்தோப்பு

அமலியின் சித்தப்பா சவரிநாதன்தான் எங்கள் தலைவர். மைன்ஸில் ஃபோர்மேன். நடையையும் ஷிஃப்டாகப் பிரித்துவிட்டார். வேகமாக நடப்பவர்கள் முதல் ஷிஃப்ட். மாதா சுரூபம் வைத்த வண்டியைத் தள்ளி வருபவர்கள் இரண்டாம் ஷிஃப்ட். எல்லோருக்கும் கடைசியில் நானும் அமலியும்.

"பேசிக்கினே வர்றீங்களே, நீங்க ரெண்டு பேரும் ஜெனரல் ஷிஃப்டா? எட்டு மணிக்கு மேல நிதானமா வர்ற ஆபீஸ்காரங்க மாதிரி?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பெயர் காந்திமதி என்று தெரியாதவர்கள்கூட இப்போது என்னை 'ஜெனரல் ஷிஃப்ட்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. பிறகு தெரியவில்லை.

ஆகஸ்ட் 23, புவனகிரி

இந்த வேகத்தில் போனால் ஒரு நாள் முன்னதாகவே சேர்ந்துவிடலாம் என்றார் சவரிநாதன், பெருமையாக. ஒரு நாள்! அது யாருடைய நாள்? அவளோடு நடக்க எனக்கு மிச்சம் இருப்பதில் ஒன்று.

ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். குதிகாலில் கொப்புளம் என்றேன். பொய்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் அமலி வேப்பெண்ணெயும் பழைய துணியுமாக வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லாத தோல். எனக்குக் காது சுட்டது. ஏதாவது கேட்பாள் என்று இருந்தேன். எண்ணெயைத் தடவினாள், துணியைச் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள்.

"நாளைக்கும் வலிக்கும், காந்தி" என்றாள். "மெதுவாவே போலாம்."

ஆகஸ்ட் 24, கொள்ளிடம்

பாலத்தில் வெகுநேரம் நின்றோம். முதல் ஷிஃப்ட் அக்கரையில் எறும்பு மாதிரி போனது.

அவள் ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் நடந்தாலும் என்னோடு இல்லை. உதடு மட்டும் அசைகிறது. நான் ஆலமரம், மைல்கல், மாடு என்று பார்த்துக்கொண்டே வருகிறேன். இப்படித்தான் இருக்கப்போகிறதா இனிமேல்?

எப்போதிலிருந்து மடத்துக்குப் போகும் எண்ணம் என்று கேட்டேவிட்டேன்.

"பஸ்ஸுல உக்காந்துகினு இருக்கும்போதே யாரோ கூப்புடற மாதிரி இருக்கும்டி. மூணு வருஷமா."

அதே பஸ். அதே சீட். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே!

ஆகஸ்ட் 26, காரைக்கால்

இங்கே சாராயக் கடைகள் அதிகம். முதல் ஷிஃப்ட் ஆண்கள் திடீரென்று நடை தளர்ந்து எங்களுக்கும் பின்னால் போய்விட்டார்கள். "டேய், இப்ப யார்ரா ஜெனரல் ஷிஃப்ட்?" என்று சவரிநாதன் கத்த, அமலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மடத்தில் இப்படிச் சிரிக்க விடுவார்களா?

ஆகஸ்ட் 28

வந்துவிட்டோம். கடல் தெரிகிறது. கால் நன்றாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 29

கொடி ஏறியது. கோயிலுக்குள் கூட்டம் தள்ளிக்கொண்டு போய் மாதாவுக்கு முன்னால் நிறுத்தியது. அம்மா சொன்னதைக் கேட்டேன். அப்பா சொன்னதைக் கேட்டேன். என்னுடையது — அவளைத் திருப்பிக் கொடு, என்னோடு பஸ்ஸில் வரட்டும் — நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் அமலியின் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருடமாக யாரோ கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்த முகம் இதுதான். வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் சிஸ்டர் வந்தார். அமலி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "துணிய அவுத்துடாத. வூடு போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டு வழியில் சிஸ்டர் முன்னால் போய்விட்டார். "சீக்கிரம் வாம்மா, பஸ் போயிடும்!" அமலி அவசரப்படவில்லை. எங்களுடைய அதே நடை.

ஆகஸ்ட் 31

"கேட்டியா?" என்றாள் அம்மா. கேட்டேன் என்றேன். காலில் என்ன துணி என்று கேட்டாள். காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19

ஒன்றும் இல்லை.

நவம்பர் 15

அப்பாவின் வேண்டுதல் பாதி பலித்தது. பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை. பெர்மனென்ட் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைக்கிறேன். யாராவது வந்து நின்றால் எடுத்துவிடுகிறேன். எல்லா நாளும் யாராவது வந்துவிடுகிறார்கள்.

இன்று கடைத்தெருவில் சவரிநாதனைப் பார்த்தேன். போன வாரம் மடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"நல்லாத்தான் கீறா. ஆனா அங்கியும் ஜெனரல் ஷிஃப்ட்தான். கோயில் மணி அடிச்சா எல்லாரும் விடுவிடுன்னு போறாங்க. இவ மட்டும் கடைசியா, தனியா, ஆடி அசைஞ்சி வர்றா. பெரிய சிஸ்டர் தினம் திட்றாங்களாம்."

நானும் சிரித்தேன். வீடுவரை சிரித்துக்கொண்டேதான் வந்தேன். 'தனியா' என்று அவர் சொன்னது கதவைச் சாத்திய பிறகுதான் காதில் விழுந்தது.

மாதாவே, அன்றைக்குக் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது மாற்றிக் கேட்கிறேன். அவளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அங்கே கோயிலுக்குப் போகும்போது யாராவது ஒருத்திக்குக் காலில் கொப்புளம் வரட்டும். பொய்க் கொப்புளமாக இருந்தாலும் போதும்.