வாலுவின் கீழ்க் கோரைப்பல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, வாலு மூவரும் சுகம், அதிலும் வேளை தவறாமல் சாப்பிடுவது வாலுதான். நீயும் அங்கே அப்படித்தான் சாப்பிடுகிறாய் என்று பாதி நம்பிக்கையோடு எழுதுகிறேன். நேற்று வாலுவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீ பயந்து போவாய், அதனால்தான் கடிதம். நல்ல செய்திதான், பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன்.

வாலு நாய்க்குட்டியாக நம் வீட்டுக்கு வந்த புதிதில் தட்டில் வாய் வைத்ததும் வீலென்று கத்திக்கொண்டு பின்வாங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். கீழ்க் கோரைப்பல் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து, மேலண்ணத்தில் குத்திக் குத்தி இரண்டு சிவந்த குழி. பால்பல்தானே, தானா விழுந்துடும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். போனில் அனுப்பிய படத்தைப் பார்த்த நீயோ, பொறுக்கக் கூடாதும்மா, பல்லு குழியில மாட்டிக்கிட்டா கீழ்த்தாடை முன்னால வளராது, ரெண்டையும் இப்பவே எடுத்துடணும் என்றாய். சொன்ன சூட்டோடு மறுபடி கூப்பிட்டு, நான் இன்னும் கால்நடை டாக்டருக்குப் படிச்சே முடிக்கலம்மா, தப்பாப் போனா ஆயுசுக்கும் அதுக்கு வலி, டாக்டர் சொல்றபடியே செய்யுங்க என்று ஓவென்று அழுதாய். அந்தப் போனை வைத்த பிறகு இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது.

வண்டி ஓட்ட உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் உன் அப்பா வேலை பார்த்த லட்சணம் ஊருக்கே தெரியும். என் கூடப்பிறந்த தம்பியையே மூன்று தரம் ஃபெயில் ஆக்கிய மகராசன், உன் மாமா இன்றுவரை இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அப்படிப்பட்ட உன் அப்பா அன்று போனைப் பிடுங்கி, எடுக்காம விட்டா என்ன ஆகும், எடுக்கும்போது வேர் ஒடிஞ்சா என்ன செய்வாங்க, அடியில முளைக்கிற புதுப் பல்லுக்கு அடிபட்டா என்ன கதி என்று உன்னைக் குடைந்து எடுத்தாரே, நான் பக்கத்தில் நின்று பிள்ளையை விடுங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாய், ஒன்றுக்கு மட்டும் தெரியலப்பா, எங்க மேடத்தைக் கேட்டுச் சொல்றேன் என்றாய், கேட்டும் சொன்னாய். போனை வைத்ததும் அப்பா என்னிடம், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றா பாரு, இவளை நம்பலாம் என்றார். மறுநாளே டாக்டரிடம் போய்ப் பேசினார். அவர் நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை, நீ சொன்ன காரணத்தைக் கேட்டு வாயை மறுபடி திறந்து பார்த்துவிட்டு, எடுக்கறதுலயும் நியாயம் இருக்கு, ஆனா இவ்வளவு சின்னக் குட்டிக்கு மயக்க மருந்து கொடுக்கணும், பயம் இல்லாம இல்ல என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். உள்ளே கொண்டு போனதும் வெளியே இரும்பு மாதிரி நின்றுகொண்டிருந்தார், கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

பால்பல் இரண்டையும் நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். பிறகு புதுப் பல்லும் கொஞ்சம் உள்ளே சாய்ந்து எட்டிப் பார்த்ததும், மெல்ல மெல்லப் பல்லை வெளிப்பக்கம் தள்ளும் என்று நீ பந்து வாங்கச் சொன்னாயா, இரண்டு பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடச் சற்றே பெரிய மெத்தென்ற ரப்பர் பந்து வேண்டும் என்று விரலால் அளவு காட்டி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். வாங்கி வந்தால் மகாராணி தொட மாட்டேன் என்கிறாள். அப்பா கூடத்தில் மல்லாந்து படுத்துப் பந்தை நெஞ்சில் வைத்துக்கொண்டால்தான் வந்து கவ்வி மெல்லுவாள். அலுவலகமே நடுங்கிய மனிதர் தினமும் காலையும் மாலையும் தரையில் கிடக்கிறார், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. துணியைக் கவ்வக் கொடுத்து யாராவது இழுத்து விளையாடினால் போச்சு, தாடை கோணிடும், விடுங்க என்று ஒரே அதட்டல். எதிர்வீட்டுக்காரர் தன் நாயோடு ஜோடி சேர்க்கலாமா என்று கேட்டு வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே, கூடாது சார், பல்லைத்தான் நேராக்கறோம், பொறக்கற குட்டிங்களுக்கும் இந்தக் குறை வரும், எங்க பொண்ணு கண்டிப்பாச் சொல்லியிருக்கா என்று அனுப்பிவிட்டார்.

நேற்று டாக்டர் டார்ச் அடித்து உதட்டை இருபக்கமும் தூக்கிப் பார்த்தார். கோரைப்பல் இரண்டும் வெளியே வந்து, மேல்வரிசையில் அதற்கென்று உள்ள இடைவெளியில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. குழியும் ஆறிவிட்டது. பொறுத்திருந்தா தாடை குட்டையாவே நின்னிருக்கும், நல்லவேளை உங்க பொண்ணு சொன்னா என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, என் வயிற்றில் பிறந்தவளா இதையெல்லாம் படித்தாள் என்று. அப்பா அசையவே இல்லை, பந்தை நிறுத்தலாமா என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில்தான் தெரிந்தது, பார்க்கிறவர்களிடமெல்லாம் வாலுவின் உதட்டைத் தூக்கிக் காட்டுகிறார்.

இன்னொரு விஷயம், அங்கிருந்து நாங்கள் கிளம்பும்போது டாக்டர், இதே மாதிரி இன்னொரு குட்டி வந்திருக்கு, உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணும், நம்பர் கொடுங்க என்றார். உன் நம்பர் அப்பாவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் மனிதர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, அவங்க வேலையா இருப்பாங்க, எந்த நேரம் தோதுப்படும்னு கேட்டுட்டுத் தரேன் என்றார். கேட்டாயா, உன்னை 'அவங்க' என்றார்.

ராத்திரி கண் விழித்துப் படிக்காதே, வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. நீ தொடும் உயிரெல்லாம் வலி தீர்ந்து எழுந்து ஓடட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. உனக்கு எந்த நேரம் தோதுப்படும் என்பதை மட்டும் கடிதம் கண்டதும் சொல்லிவிடு. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் மணி பார்க்கிறாராம்.

இப்படிக்கு,
பெருமை தாங்காமல் இன்று குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்ட
உன் அம்மா