பிளக் மூடிக்குள் மழைத்தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகே மாத்திரை போடுங்கள்.

இங்கே மூன்று நாளாக அடைமழை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பைக்கெல்லாம் நனைந்த கோழி மாதிரி நிற்கின்றன. நேற்றுக் காலை ஒரு நர்ஸம்மா தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். "டூட்டிக்கு நேரமாச்சு தம்பி, உதைச்சு உதைச்சு காலே போச்சு" என்றார். முதலாளி, "இன்ஜின்ல தண்ணி போயிருக்கும், விட்டுட்டுப் போங்க" என்றார். நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜினில் தொடும்படி வைத்து, பொறி வருகிறதா என்று உதைத்துப் பார்த்தேன். பிளக்கில் பெட்ரோல் ஈரம் இருந்தது, பொறிதான் வரவில்லை. பிளக் மூடிக்குள் மழைத்தண்ணீர். ஊதித் துடைத்து மாட்டினேன். ஒரே உதையில் கிளம்பியது.

அந்தம்மா என் கையைப் பிடித்து, "ஏன்பா இப்படிச் சில்லுனு இருக்கு? சாப்ட்டியா?" என்றார். அம்மா தவறிப்போன செய்தி வந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அடுத்த வண்டியைக் கழற்றத் தொடங்கினேன்.

கவலைப்படாதீர்கள், சளிகூட இல்லை. துணிதான் காயவில்லை. தங்கையிடம் இரண்டு துண்டு அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், மழையில் நனைந்ததற்கு என்னைத் திட்டி நாலு வரி எழுதுங்கள் அப்பா. அதையும் இனி நீங்கள்தான் செய்யவேண்டும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்