உன் கம்ப்யூட்டருக்குள் இருந்த பெயர்கள்

மூன்று நாளாகச் சோறு பிசையும்போதும் வினாகிரியின் புளித்த வாசனைதான் மூக்கில் ஏறுகிறது. உன் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்துக் கிடந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷில் வினாகிரியைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன்.

ஒரு தீபாவளிக்கு நான் கொழும்பிலிருந்து வந்தபோது, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் உன் அறையில் இதைப் பார்த்துச் சிரித்தேன். "இத ஆத்துல போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்குடா" என்றேன். "நம்ம எழுத்து இதுலதாண்டா ஒழுங்கா விழுது. நீ ஒன் வேலயப் பாரு" என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து மயானத்துக்குப் போவாய். கல் வைக்க வசதியில்லாத குழிகள். யார், எந்த லயம், எந்த மரத்திலிருந்து எத்தனை எட்டு நடக்க வேண்டும் என்று கேட்டு வந்து தட்டெழுதுவாய். எனக்கு அது வேலையற்ற வேலையாகத் தெரிந்தது.

போன கிழமை உன் தங்கச்சி எனக்குக் கொழும்புக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, மயானத்து வழியா ரோடு வெட்டப் போறாங்க. யாரு எங்க இருக்காங்கன்னு காட்டுனா அந்தப் பக்கம் தொடாம வெட்டுறதா தொர சொல்லிருக்காரு. லிஸ்ட் அண்ணன் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. மெஷின் ஓடவே மாட்டேங்குது."

அன்றைக்கே தோட்டமிருக்கும் லுணுகலைக்கு பஸ் ஏறினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் போட்டேன். உன் கோப்பு திறந்தது. ஆனால் எழுத்துக்குப் பதில் புள்ளியும் கோடும். நீ பயன்படுத்திய பழைய தமிழ் மென்பொருள் புதிய மெஷினில் ஓட மறுத்தது. உன்னுடையதை எழுப்புவதைத் தவிர வழியில்லை. ரேம் மெமரியும் செத்திருந்தது. அதற்காகப் பதுளைக்கு இரண்டு தடவை ஓடினேன். ரிப்பேர் கடைக்கார நானா மேசை லாச்சியை இழுத்துக் கொட்டித் தேடி, "இது கெடச்சது ஒங்க அதிஷ்டம் தம்பி" என்று இரண்டு எடுத்துக் கொடுத்தார். முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு. டிஸ்க் முனகத் தொடங்கியிருந்ததால், எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டுக்கு மாற்றி அதன் இடத்தில் பொருத்தினேன்.

நான்காம் தடவை சுவிட்சைப் போட்டபோது 'பீப்' என்றது. பெயர்கள் வரிசையாக வந்தன. உன் தங்கச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டு வாசித்தாள். கடைசி வரி வந்ததும் நிறுத்தினாள்.

"அண்ணன் பேரு இல்லையே."

உன்னை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள்தான் கூட்டிப் போய்க் காட்டினாள். மேட்டு வாகை மரத்திலிருந்து பதினோரு எட்டு. எண்ணிவிட்டு வந்து, உன் எழுத்திலேயே உன் பெயரைச் சேர்த்து அச்செடுத்தேன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அதைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கொடுத்தார். இன்று காலையில் ரோட்டுக்கு அடித்த முளைக்குச்சிகளைப் பிடுங்கி மயானத்துக்குக் கீழ்ப் பக்கமாக நட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. "மெஷின் நின்னு நின்னு வருதுடா, ஒரு நட வந்து பாரேன்" என்று நீ கேட்டபோது, "பாப்போம்" என்றேன். நாலு மாதம் அதையே சொன்னேன். அதற்குள் நீ போய்விட்டாய். சாவு வீட்டுக்கு வராததற்கு லீவு கிடைக்கவில்லை என்று உன் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் இன்னும் அதை நம்புகிறாள்.

நான் லீவு கேட்கவே இல்லை, மச்சான்.