முத்துலட்சுமி என்று நான் எழுதிய பேர்

மே 9, 1961. செவ்வாய்

எட்டு மணிக்கே அனல். தண்ணீர் இரண்டு குடம்தான் கிடைத்தது.

அச்சாபீசிலிருந்து புரூஃப் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களைப் பற்றிப் பேராசிரியை அம்மா எழுதும் ஆராய்ச்சிப் புத்தகம். (இனி பே.அ.) போன கோடை லீவில் அவர்களுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக் கொடுத்தவள் நான். மெட்ராஸில் அச்சுக்கூலி அதிகம் என்று அவர்கள் வருத்தப்பட்டபோது, 'எங்கள் சிவகாசி இருக்கையில் கவலை எதற்கு' என்று பெருமையாகப் பதில் போட்டவளும் நான்தான்.

பக்கம் 41. விஸ்வநத்தத்து மாரியம்மாள் சொன்னது. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்த அன்று சின்னப் பிள்ளைகளை லேபிள் கோடவுனில் போட்டுப் பூட்டியது, ஒரு பிள்ளை புழுக்கத்தில் மயங்கி விழுந்தது. அது அவள் மகள். "எம்பேரு வெளிய வந்துச்சுன்னா நாலு பேரு வயித்துலயும் ஈரத்துணிதான் டீச்சர்" என்றாள். சீக்காளிப் புருஷன், இரண்டு பிள்ளைகள். அதனால் பேரை முத்துலட்சுமி என்று மாற்றினேன். எங்கள் வகுப்பு அட்டென்டன்ஸில் முதலில் கண்ணில் பட்ட பேர். 'என் மகள்' என்றதையும் 'ஒரு பிள்ளை' ஆக்கிவிட்டேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

வாங்க: சீயக்காய், மண்ணெண்ணெய், சிவப்பு மை.

மே 11, வியாழன்

மத்தியானம் மாரியம்மாள் மூச்சிரைக்க வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று நிலைப்படியிலேயே நின்றாள்.

"டீச்சர், முத்துலட்சுமிய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக."

எந்த முத்துலட்சுமி?

"எங்கூட உக்காந்து பெட்டியில குச்சி அடைக்கிறவ. புருசன் செத்துப்போனவ. பொஸ்தகத்துல கம்பெனியப் பத்திச் சொல்லிட்டாளாம். கணக்கப்பிள்ளை எல்லாத்துக்கும் முன்னாடி தாள வாசிச்சாரு. அம்புட்டும் நாஞ் சொன்னது!"

அப்படி ஒருத்தி நிஜமாக இருப்பாள் என்று தோணவே இல்லையே எனக்கு. தெருவுக்கு நாலு முத்துலட்சுமி இருக்கிற ஊரில்! அறிவு கெட்டவளே, உனக்கெல்லாம் டீச்சர் வேலை ஒரு கேடா.

"வாயத் தொறந்துராதீக" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்றேன்.

மே 12, வெள்ளி

அச்சாபீஸ். மானேஜருக்கு என்னைப் பார்த்து ஆச்சரியம். "தீப்பெட்டி ஆபீஸ் எங்க முதலாளி மச்சினருதுதான டீச்சர்? ஊருக்கே தெரியுமே. வந்தாக, தாளப் பாத்தாக, ஒரு பிரதி எடுத்துட்டுப் போயிட்டாக."

அப்படியானால் புத்தகம்?

"அதுக்கென்ன, அடிச்சுத் தருவோம். ஆர்டர்னா ஆர்டர்தான்."

நேரே தீப்பெட்டி ஆபீஸ். கணக்கப்பிள்ளை நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். தொடவில்லை. அது நானாக வைத்த பேர், அந்தப் பெண் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, கர்த்தர் சாட்சி என்றேன்.

சிரித்தார். "டீச்சர் சொன்னா நம்பாம இருப்பனா? அப்ப நெசமாச் சொன்னவ யாருன்னு சொல்லுங்க. இவள நாளைக்கே வரச் சொல்றேன்."

வாய்வரை வந்தது. வந்தது என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். எழுந்து வந்துவிட்டேன்.

மே 13, சனி

பே.அ.வுக்குக் கடிதம்: பக்கம் 41-ல் பேரை எடுத்துவிடுங்கள். எடுத்து என்ன புண்ணியம். வேறு எந்த ஆபீசிலும் முத்துலட்சுமியைச் சேர்க்க மாட்டார்கள், முதலாளிமார் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி வைத்திருப்பார்கள்.

பாக்கி புரூஃப் பார்த்தேன். 'இப்பகுதியின் முன்னேற்றத்திற்குப் பெண்களின் உழைப்பே அடிப்படை.' ஒரு எழுத்து தலைகீழாக இருந்தது. திருத்தினேன்.

மாரியம்மாளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் முத்துலட்சுமியிடம் போய், உன் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நான்தான் என்று சொல்லியாக வேண்டும். பயமாக இருக்கிறது. அடித்தாலும் அடிக்கட்டும்.

மே 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்படியே விஸ்வநத்தம். பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

முத்துலட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டி வைத்த துணிமூட்டை. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

"சொன்னது யாருன்னு சொல்லலயே?"

சொல்ல மாட்டேன் என்றேன்.

"சொல்ல வேண்டாம். மாரியம்மாதான்."

உருவிய காம்பை ஓரமாகப் போட்டாள்.

"அந்தப் பிள்ளையக் கோடவுனுக்குள்ள இருந்து தூக்கியாந்து மூஞ்சியில தண்ணி தெளிச்சதே நாந்தான். தாள வாசிக்கையிலயே தெரிஞ்சுபோச்சு. அவ எம்பக்கத்துலதான் நின்னா, நடுங்கிக்கிட்டு."

"அங்கேயே சொல்லியிருந்தால் உன் வேலை..."

"அவளுக்கு ரெண்டு பிள்ளைக. நான் ஒத்தக்கட்ட."

கீரையை முறத்தில் உதறினாள். மல்லாங்கிணற்றில் அக்கா இருக்கிறாளாம், சாயங்கால பஸ்ஸில் போகிறாளாம். மழையே காணாத ஊரில் என்ன வேலை கிடைக்கும்.

அப்புறம்தான் கோபம் வந்தது அவளுக்கு. "வீடு வீடாப் போனீகளே டீச்சர். எங்கிட்டயும் வந்து ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல? அவ சொன்னத விட எம்புட்டோ சொல்லிருப்பேன். எம்பேரப் போட்டுக்கிடுங்கன்னே சொல்லிருப்பேன். ஏன் வரல?"

பே.அ. கொடுத்த கேள்வி பாரத்தில் (ஃபார்ம்) முதல் வரி: 'குடும்பமுள்ள பெண்களிடம் மட்டும்.' மாரியம்மாள் வீடு அடுத்த வீடு. இவள் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், மூன்று தடவை.