மாவுக்கட்டு

ஏட்டையா அவர்களுக்கு, பெத்த அப்பன் ஒரு சல்யூட் அடிச்சு எழுதிக்கிறது.

கையில மாவுக்கட்டோட நிக்கிறவய்ங்க போட்டோவ நீ போன்ல அனுப்புவ. நான் டீக்கடையில காட்டி, "ஸ்டேஷன் பாத்ரூமுக்கு மட்டும் என்ன சோப்புடா போடுறாய்ங்க, இம்புட்டு வழுக்குது?"ன்னு கேப்பேன். கடையே சிரிக்கும்.

நேத்து கோர்ட்டுக்குப் போனேன். உன் அத்தை மகன் தங்கப்பாண்டியக் கொண்டாந்தாய்ங்க. கப்பலூர்ல ஒரு கம்பெனி மோட்டார் களவு போச்சாம். அவனுக்கு ரெண்டு கையிலயும் மாவுக்கட்டு. ஜட்ஜய்யா தலைய நிமித்தாம, "யாரும் அடிச்சாங்களா?"ன்னாரு. ரெண்டு பக்கமும் போலீசு.

"பாத்ரூமுல வழுக்கிருச்சுங்கய்யா."

அதையே எழுதிக்கிட்டு ஜெயிலுக்கு அனுப்பிட்டாரு. யாரோ சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. யாருன்னு பாத்தா நான்தாம்ப்பா. பழக்கதோசம்.

அவன் என்னத் திரும்பிப் பாத்தான். அப்ப இருந்து சோறு எறங்கல.

நாலு நாளைக்கு முன்ன அவனப் புடிச்சுட்டுப் போகையில, என் மூக்குக்கண்ணாடிக்கு ஸ்குரூ மாட்டிக்கிட்டிருந்தான். கை ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. அத வக்கீல்ட்ட சாட்சியா எழுதிக் குடுக்கப் போறேன். உன் வேலைக்குச் சங்கடம்னா பொறுத்துக்க.

நீ யாரு கையையும் ஒடிச்சதில்லன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடு, ராசா. நீ எழுதுனா நான் நம்பிருவேன். அதான் பயமா இருக்கு.

இப்படிக்கு,
உன்னப் பெத்தவன்